இடிக்கிற தேதியையாவது சொல்லுங்கள்

பாறசாலைப் பக்கம் பழைய நெடுஞ்சாலையோரம் பலசரக்குக் கடை வைத்திருப்பவனிடம் யாரும் வியாபாரம் எப்படி என்று கேட்பதில்லை. “உங்க கடையில எவ்வளவு போகும்?” என்றுதான் கேட்கிறார்கள். திண்ணையோடு நிற்குமா, கல்லாப்பெட்டி வரைக்கும் வருமா? எனக்குத் தெரிந்தால் அல்லவா சொல்வதற்கு!

கரமனையிலிருந்து களியக்காவிளை வரை ரோட்டை 30.2 மீட்டருக்கு அகலப்படுத்தும் வேலை, பிராவச்சம்பலம் வரை ஒரு துண்டு, கொடிநட வரை இன்னொரு துண்டு என்று திருவனந்தபுரம் பக்கமிருந்து ஊர்ந்து வருகிறது. எங்கள் பக்கம் வரும் நாள் மட்டும் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை.

யாரோ வந்து டேப் பிடித்தார்கள். தூணில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடும் நம்பரும் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து கடையில் ஓர் ஆணி அடிக்கக்கூட மனசு வரவில்லை. ஓடு மாற்றலாம் என்றால், “இடிக்கப்போற கெட்டிடத்துக்கு எதுக்குலே காசு?” என்கிறார் அப்பா. மாற்றாவிட்டால் இடவப்பாதி மழை நேராகக் கருப்பட்டி மேல் சொட்டுகிறது. கசிந்து பிசுபிசுத்த கருப்பட்டியை யார் வாங்குவார்கள்? லோன் கேட்டுப் போனால், ரோட்டுக்குப் போகிற இடம்தானே என்று பேப்பரைத் திருப்பித் தருகிறார்கள். நஷ்டஈடு கேட்டால், இன்னும் எடுக்கவே இல்லையே என்கிறார்கள். கடன் கேட்கும்போது போய்விட்ட இடம், காசு கேட்கும்போது போகாமல் நிற்கிறது!

மாற்றம் எங்களுக்குப் புதிதில்லை. தாத்தா கடை போட்டபோது எல்லாம் ஒரே திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. பக்கத்திலிருந்த களியக்காவிளை வேறு மாநிலமானது. தாத்தா சமாளித்தார். அமரவிளைச் செக்போஸ்ட்டுக்காகக் காத்துக்கிடந்த லாரிக்காரர்களுக்கு அப்பா சோடாவும் ஏத்தன்பழமும் விற்றார். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. வரிச் செக்போஸ்ட் போனது, கூடவே அந்த வியாபாரமும் போனது. அதையும் தாங்கிக்கொண்டோம். நல்லதோ கெட்டதோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி இருந்தது.

இப்போது கழக்கூட்டம்–காரோடு பைபாஸ் வேறு. தூரத்து வண்டிகள் கான்கிரீட் ரோட்டில் வழுக்கிக்கொண்டு போய்விடுகின்றன. நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் புறப்படும் பத்மநாபபுரம் சரஸ்வதி அம்மனும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும்தான் பைபாஸ் பிடிக்காமல் இன்னும் இந்த வழியே வருகிறார்கள். களியக்காவிளையில் வரவேற்பு, போலீஸ் மரியாதை, கூட்டம். அன்றைக்குச் சூடமும் பழமும் மிச்சமில்லாமல் விற்றுத் தீரும். மீதி நாளுக்கு என்ன செய்வது?

ரோடு வேண்டாம் என்று சொல்ல நான் யார்? நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆம்புலன்ஸ், பஸ்ஸுக்குப் பின்னால் அலறிக்கொண்டு நிற்பதைக் கடையில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் நாங்கள்தான். தாராளமாக அகலமாக்குங்கள். நாங்கள் கேட்பது ஒரு தேதி. இந்த வருஷம் இடிப்பீர்கள் என்றால் சரக்கு எடுப்பதைக் குறைத்துக்கொள்வோம். இன்னும் பத்து வருஷம் ஆகும் என்றால் அதையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்; அடுத்த மழைக்கு முன்னால் ஓட்டை மாற்றிக்கொள்கிறோம்.