நடுவில் ஒரு படியைக் காணோம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டிராம்பே சீத்தா கேம்ப்பில் குடியிருக்கும் என் நண்பரின் மகன் வீட்டுக்கு வந்தான். வயது இருபத்திரண்டு. தளோஜாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. "மாமா, பைக் வாங்கப் போறேன். நீங்க ஒரு தடவை இன்ஜினைப் பார்த்துச் சொல்லணும்" என்று செல்போனில் படத்தைக் காட்டினான். எட்டு வருடம் ஓடிய 390 சிசி வண்டி. 43 குதிரைத் திறன். அதுவரை அவன் ஓட்டியது அப்பாவின் 100 சிசி வண்டி மட்டுமே. அதன் திறன் எட்டைத் தாண்டாது.

"ஏண்டா, எட்டிலிருந்து நேரே நாற்பத்து மூன்றா? நடுவில் ஒன்றும் கிடையாதா?" என்று கேட்டேன்.

"இருக்கு மாமா. ஆனா புதுசா எடுத்தா, ரோட்டுக்கு வர்றப்போ ரெண்டு லட்சம் ஆயிடுது. இது ஒண்ணேகால்தான்."

ரயில்வேக்காரன் என்பதால் முதலில் ரயிலில் போ என்றுதான் சொன்னேன். இரவு ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஹார்பர் லைனில் வண்டி ஏது என்று திருப்பிக் கேட்டான். வாயை மூடிக்கொண்டேன்.

என் காலத்தில் அந்த நடுப்படி இருந்தது. எண்பதுகளில் நான் ஓட்டியது பழைய யெஸ்டி 250. மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் செய்தது. கிக்கர்தான் கியர் லீவரும். உதைத்துக் கிளப்பிவிட்டு அதையே முன்னால் மடக்கி கியர் போட வேண்டும். பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். புகை விடும், சத்தம் போடும். ஆனால் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து, பையையும் கட்டிக்கொண்டு கண்டாலா மலைப்பாதையில் ஏறினால் முனகாது. பஞ்சர், பிளக், கிளச் கேபிள் எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன். அந்த வண்டியில்தான் வேகம் என்றால் என்ன, எந்த வளைவுக்கு எவ்வளவு முன்னால் கியரைக் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தது. தவறு செய்தால் மிரட்டும், ஆளைக் கொன்றுவிடாது.

அந்த வகை வண்டிகளுக்கு முதல் அடி விழுந்தது 1985-ஐ ஒட்டி. ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 என்று ஜப்பானியக் கூட்டில் நூறு சிசி வண்டிகள் வந்தன. குறைந்த பெட்ரோலில் நிறைய தூரம் போனால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ராஜ்தூத்தும் யெஸ்டியும் தேய்ந்தன. மைசூர் தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. திருவொற்றியூரில் 1955 முதல் ஓடிவந்த என்ஃபீல்டு மட்டும் தட்டுத் தடுமாறிப் பிழைத்தது. (இன்று அதன் செழிப்பைப் பார்க்கிறவர்களுக்கு இது கதை போல இருக்கும்.)

பிறகு ஒரு நல்ல காலம் வந்தது. 1999-ல் சிபிஸீ, 2001-ல் பஜாஜ் பல்சர் 150, 180, 2003-ல் 223 சிசி கரிஸ்மா, 2011-ல் ஹோண்டா சிபிஆர் 250, 2012 ஜனவரியில் கேடிஎம் டியூக் 200. கடைசியாகச் சொன்னதன் ஆரம்ப விலை 1.17 லட்சம். வேலைக்குப் போகும் பையன் தவணையில் எட்டிப் பிடிக்கக்கூடிய தொகை. அதே வண்டி பத்துப் பதினோரு ஆண்டில் இரண்டு லட்சத்தை நெருங்கியது. ஹோண்டா 250, 2020-ல் புதிய மாசு விதிக்கு மாற்றப்படாமலே நின்றுபோனது. என் யெஸ்டியின் பெயர் 2022 ஜனவரியில் திரும்பி வந்தபோது ஓடிப்போய் விலையைப் பார்த்தேன். 334 சிசி, ரோட்ஸ்டர் மாடலின் ஆரம்ப விலை 1.98 லட்சம். அது வரி, இன்ஷூரன்ஸ் கட்டுவதற்கு முன்னால்.

ஏன் இப்படி ஏறியது? கம்பெனிகளின் பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. 2018 ஏப்ரலில் புது மாடல்களுக்கும், அடுத்த ஏப்ரலில் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா வண்டிகளுக்கும் ஏபிஎஸ் பிரேக் கட்டாயமானது. 2018 செப்டம்பரிலிருந்து புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸை மொத்தமாகக் கட்ட வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்து கார்புரேட்டரை வழியனுப்பிவிட்டு, எரிபொருள் இன்ஜெக்ஷனையும் சென்சார்களையும் கொண்டுவந்தது. இவற்றில் எதையும் நான் தவறென்று சொல்லமாட்டேன். மாஹுல் சுத்திகரிப்பு ஆலை டேங்கர்களுக்கு நடுவே மழையில் பிரேக் போட்டுப் பார்த்தவனுக்கு ஏபிஎஸ்ஸின் அருமை தெரியும். ஆனால் இரண்டு வருடத்துக்குள் எல்லாச் சுமையும் ஒரே தோளில் ஏறியது. மூன்று லட்ச ரூபாய் வண்டி அதைத் தாங்கும். ஒரு லட்ச ரூபாய் வண்டி தாங்காது. அதோடு கம்பெனிகளும் கலர்த் திரை, புளூடூத் என்று பையன்கள் கேட்காத நகைகளையெல்லாம் பூட்டி விலையைக் கூட்டின. அங்கே அவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

இதில் கவலைப்பட வேண்டிய காரணம் வேறொன்று இருக்கிறது. நம் நாட்டில் லைசென்ஸில் படிகளே கிடையாது. 'கியர் உள்ள மோட்டார் சைக்கிள்' என்று ஒரே வகுப்பு. பதினெட்டு வயதில் நூறு சிசி வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டிவிட்டு, மறுநாள் ஆயிரம் சிசியில் ஏறலாம், சட்டம் தடுக்காது. சிங்கப்பூரில் முதலில் 200 சிசி வரைதான். ஒரு வருடம் ஓட்டிய பிறகு 400 சிசி வரை. மேலும் ஒரு வருடம் கழித்தே அதற்கு மேல். ரயில்வேயிலும் உதவி லோகோ பைலட்டாகச் சேர்ந்தவர் ஷண்டிங், கூட்ஸ், பாசஞ்சர் என்று ஏறித்தான் மெயில் வண்டிக்கு வருவார். நேற்று வந்தவரிடம் டெக்கான் குயினைக் கொடுப்பார்களா?

இங்கே சட்டம் போடாத படியை இத்தனை காலம் கடைவீதிதான் போட்டு வைத்திருந்தது. கையில் இருக்கும் காசுக்கு நடுத்தர வண்டிதான் கிடைத்தது, பையனும் அதில் கற்றுக்கொண்டான். இப்போது அதே காசுக்குக் கிடைப்பவை இரண்டு. ஒன்று, லாரிகளுக்கு நடுவே நெடுஞ்சாலையில் திணறும் சின்ன வண்டி. மற்றது, யாரோ ஓட்டித் தள்ளிவிட்ட பெரிய வண்டி. 2022-ல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள் என்பது மத்திய அரசின் கணக்கு. எல்லாம் பெரிய வண்டியால் வந்ததல்ல. ஆனால் கற்றுக்கொள்ள வழியில்லாத இடத்தில் சாவு கூடத்தான் செய்யும்.

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது நல்ல காரியம். ஒன்றரை லட்ச வண்டிக்குப் பன்னிரண்டாயிரம் மிச்சம். ஆனால் 110 சிசிக்கும் 350-க்கும் ஒரே சலுகை என்பதால் நடுப்படிக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. 200 முதல் 250 சிசி வரை, இருபது குதிரைத் திறன் சுமாருக்கு, ஏபிஎஸ் உண்டு, அலங்காரம் இல்லை என்று ஒரு வண்டியை யாராவது செய்தால், அதற்குச் சாலை வரியிலும் இன்ஷூரன்ஸிலும் விட்டுக்கொடுக்கலாமே. கூடவே லைசென்ஸில் இரண்டு படியாவது போட வேண்டும். படி போட்டுவிட்டு வண்டி இல்லையென்றால் ஏழைப் பையனுக்குத்தான் தண்டனை. ஆகவே இரண்டும் சேர்ந்து வர வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

நண்பர் மகனை அந்த 390-லிருந்து ஒரு வழியாகத் திருப்பினேன். அடுத்த வாரம் இருவரும் செம்பூரில் ஒரு பழைய 200 சிசி வண்டியைப் பார்க்கப் போனோம். வெளியே பளபளவென்று பாலிஷ் போட்டிருந்தார்கள். குனிந்து பார்த்தால் முன் ஃபோர்க் வளைந்திருந்தது, ஹேண்டில் ஒரு பக்கம் இழுத்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.