கடன் தீர்ந்தது, கணக்குத் தீரவில்லை

2018 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை பிரிட்டனின் நிதித்துறை ட்விட்டரில் பெருமையோடு ஒரு தகவலை வெளியிட்டது. அடிமைகளை விடுவிக்க 1830களில் அரசு வாங்கிய கடன் 2015-ல்தான் முழுமையாக அடைந்தது. ஆகவே இன்று வரி கட்டுகிறவர்களுக்கும் அந்த நற்காரியத்தில் பங்கு உண்டு என்பது அதன் சாரம். கண்டனங்கள் குவியவே தகவல் அவசரமாக நீக்கப்பட்டது. காரணம், அந்தப் பணம் யார் கைக்குப் போனது என்பதை அது சொல்லவில்லை.

பணம் போனது எஜமானர்களுக்கு. 1833-ன் அடிமை ஒழிப்புச் சட்டம், 'சொத்தை' இழந்தவர்களுக்கு 2 கோடி பவுன் இழப்பீடு வழங்கியது. அரசின் ஓராண்டுச் செலவில் இது ஏறத்தாழ 40 சதவீதம். இதில் ஒன்றரைக் கோடியை 1835-ல் நாதன் ராத்ஸ்சைல்டும் மோசஸ் மாண்டிஃபியோரும் கடனாகத் திரட்டித் தந்தனர். விடுதலை பெற்ற சுமார் 8 லட்சம் பேருக்கு ஒரு பென்னிகூடக் கிடைக்கவில்லை. மாறாக, 'பயிற்சித் தொழிலாளர்' என்ற புதுப் பெயரில் பெரும்பாலோர் 1838 வரை அதே எஜமானர்களிடம் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது.

வாங்கியவர்கள் யார்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் பழைய கோப்புகளைத் துருவி, சுமார் 46,000 கோரிக்கைகளின் விவரங்களை 2013-ல் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். பிரபுக்களும் வங்கி முதலாளிகளும் மட்டுமல்ல, பாதிரியார்களும் விதவைகளும் அதில் இருந்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்களும் அங்கே சில மனிதர்களுக்கு 'உரிமையாளர்கள்'. கைக்கு வந்த தொகையின் ஒரு பகுதி ரயில்வே பங்குகளிலும் வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் கிராமப்புற மாளிகைகளிலும் போய்ச் சேர்ந்தது.

அதற்கு முந்தைய லாபம் தனிக்கணக்கு. 1807-ல் தடை வரும்வரை பிரிட்டிஷ் கப்பல்கள் ஏற்றிச் சென்ற ஆப்பிரிக்கர்கள் சுமார் 31 லட்சம். உயிரோடு கரை சேர்ந்தவர்கள் சுமார் 27 லட்சம். லிவர்பூலும் பிரிஸ்டலும் இந்த வியாபாரத்தில் கொழித்தன. பர்மிங்ஹாமின் துப்பாக்கிகளும் மான்செஸ்டரின் துணிகளும், கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுபோன இந்தியத் துணிகளும் ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டன. இந்த லாபம்தான் தொழிற்புரட்சிக்கு உரமிட்டது என்று 1944-ல் எழுதினார் எரிக் வில்லியம்ஸ். பின்னாளில் டிரினிடாட்-டொபாகோவின் பிரதமரானவர் இவர். எவ்வளவு உரம் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே சண்டை ஓயவில்லை. ஆனால் கடன், காப்பீடு, துறைமுகம் என்று அந்த வியாபாரம் வளர்த்துவிட்ட அமைப்புகளை மறுப்பது கடினம். இங்கிலாந்து வங்கியும் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையும் 2020-ல் மன்னிப்புக் கேட்டன.

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. நான்கு முறை பிரதமராக இருந்த வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தை ஜான், லிவர்பூல் வணிகர். 2,508 அடிமைகளுக்காக அவர் பெற்ற இழப்பீடு 1,06,769 பவுன். விடுதலையானவர்கள் தோட்டத்தை விட்டுப் போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்ட அவர், 1836-லேயே கல்கத்தாவுக்குக் கடிதம் எழுதி ஆள் கேட்டார். 1838-ல் விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரு கப்பல்களில் சுமார் 400 இந்தியர்கள் பிரிட்டிஷ் கயானாவில் இறங்கினார்கள். மொரிஷியஸுக்கு 1834-லேயே ஆள் போகத் தொடங்கிவிட்டது. பிறகு நேட்டால், ஃபிஜி. ஒப்பந்தக் கூலிகளாகப் போன லட்சக்கணக்கானோரில் தமிழர்களும் உண்டு. சங்கிலி போய், கைநாட்டு வந்தது.

2023 ஆகஸ்டில் கிளாட்ஸ்டன் வம்சத்தார் கயானாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்கள். ஆனால் இழப்பீடு தரும் பேச்சுக்கே இடமில்லை என்று 2024 அக்டோபரில், சமோவா காமன்வெல்த் மாநாட்டை ஒட்டி, பிரிட்டிஷ் அரசு கைவிரித்தது. எப்போதோ நடந்ததற்கு இன்றைய மக்கள் ஏன் பணம் தர வேண்டும் என்பது அங்கே வழக்கமாக எழும் கேள்வி. 2015 வரை அவர்கள் தந்துகொண்டுதான் இருந்தார்கள். கரீபியனிலிருந்து குடியேறி பிரிட்டனில் வரி கட்டிய அடிமைகளின் வாரிசுகளும்தான். தங்கள் முன்னோரின் எஜமானர்களுக்குக் கொடுத்த தொகைக்காக.