குதிகாலுக்கு ஊசி வேண்டாம், படிக்கட்டு போதும்

நாற்பதைத் தாண்டியதும் நம் ஆட்களுக்குத் திடீரென்று ஓட்ட ஆசை வந்துவிடுகிறது. மும்பையின் ஜனவரி மாரத்தானுக்கு நவம்பரில் ஷூ வாங்குவார்கள். டிசம்பரில் குதிகாலைப் பிடித்துக்கொண்டு டாக்டர் வாசலில் நிற்பார்கள். கேட்டால் 'நரம்பு இழுத்துக்கிச்சு' என்பார்கள். அது நரம்பே இல்லைங்க. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டும் நாண். பெயர் அக்கிலிஸ் டெண்டன்.

காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் விறைப்பு, குதிகாலுக்கு 2 முதல் 6 செ.மீ. மேலே அழுத்தினால் வலி, கொஞ்சம் தடிப்பு. பெரும்பாலும் கண்டுபிடிக்க இதுவே போதும். ஆனால் நமக்கோ ஸ்கேன் எடுத்தால்தான் திருப்தி. வலியே இல்லாதவர் நாணிலும் ஸ்கேனில் கோளாறு தெரிவதுண்டு!

அடுத்தது ஊசி. நம் ரத்தத்தையே எடுத்து, சுழற்றிப் பிரித்துக் குத்தும் பி.ஆர்.பி. ஊசிக்கு ஆயிரக்கணக்கில் செலவு. 2021-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், 240 பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்து, போலி ஊசியைவிட அது எந்த விதத்திலும் மேலாக இல்லை.

பலன் தருவது படிக்கட்டுதான். 1998-ல் ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப்ரெட்சன் வெளியிட்ட முறை இது. படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, வலிக்கிற காலின் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். மேலே ஏற மற்ற கால். முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் 3 சுற்று, மடக்கி 3 சுற்று. தினம் இரண்டு வேளை, 12 வாரம். அவரிடம் செய்த 15 பேரும் மறுபடி ஓடினார்கள். எலும்போடு நாண் ஒட்டும் இடத்தில் வலி என்றால் மட்டும் படிக்குக் கீழே இறக்காமல் தரையிலேயே செய்யலாம்.

இரண்டு எச்சரிக்கை. பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல 'பட்'டென்று வலித்தால், குப்புறப் படுத்துக் கெண்டைக்காலை அமுக்கச் சொல்லுங்கள். பாதம் அசையவில்லை என்றால் நாண் அறுந்திருக்கலாம்; அன்றே ஆஸ்பத்திரி. இன்னொன்று, சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் நாணையே அறுக்கக்கூடும் என்று அமெரிக்க அரசு 2008-லேயே கட்டம் கட்டி எச்சரித்தது. அறுபது தாண்டியவர்களுக்கு ஆபத்து அதிகம். ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவிடம், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று இன்றே போனில் சொல்லிவிடுங்கள்.

டாக்டர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று நாளில் குணமாக வேண்டும் என்று கேட்பது நாம்தான். நாண் குணமாவது ரெக்கரிங் டெபாசிட் மாதிரி. தவணை தவறாமல் கட்டினால்தான் முதிர்வு.