அதிக வாக்கு பெற்றவர்தான் தலைவரா?

வகுப்புத் தலைவர் தேர்தலில் அதிகக் கைகள் யாருக்கு உயர்கின்றனவோ அவரே தலைவர். இது நேர்மையான முறைதானா? கணினி உலகிலிருந்து ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

'டெபியன்' என்பது கணினியை இயக்கும் மென்பொருள் தொகுப்பு. 1993ஆம் ஆண்டில் இயான் மர்டாக் என்னும் அமெரிக்க மாணவர் இதைத் தொடங்கினார். இதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். பல நாடுகளிலுள்ள தன்னார்வலர்கள் இதனை உருவாக்கி வருகின்றனர். ஆண்டுதோறும் தங்கள் தலைவரைத் தேர்தல் மூலம் தேர்ந்தெடுக்கின்றனர்.

இத்தேர்தலில் ஒருவரை மட்டுமே குறிக்க வேண்டும் என்பதில்லை. வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்தலாம். பின்னர் அவர்களை இருவர் இருவராக ஒப்பிட்டு எண்ணுவார்கள். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் காண்டோர்செ ஆராய்ந்த கருத்து இது.

100 பேர் வாக்களிப்பதாக வைத்துக்கொள்வோம். 40 பேரின் வரிசை கண்ணன், வேலன், மாலா. 35 பேரின் வரிசை மாலா, வேலன், கண்ணன். 25 பேரின் வரிசை வேலன், மாலா, கண்ணன். நம் வழக்கப்படி 40 வாக்குகளுடன் கண்ணன் வென்றுவிடுவான். ஆனால் 60 பேர் அவனைக் கடைசியில் அல்லவா வைத்திருக்கிறார்கள்! இருவர் இருவராக ஒப்பிட்டால், வேலன் கண்ணனை 60-40 என்றும் மாலாவை 65-35 என்றும் வெல்கிறான். பெரும்பாலோர் ஏற்கக்கூடியவன் அவனே.

டெபியன் வாக்குச் சீட்டில் 'இவர்களில் எவரும் வேண்டாம்' என்பதும் ஒரு வேட்பாளர் போலவே இடம்பெறும். அது வென்றால் தேர்தலை மீண்டும் நடத்த வேண்டும்.

இவ்வளவு கவனம் எதற்கு? அங்கே எவரையும் வேலை செய்யுமாறு கட்டாயப்படுத்த முடியாது. அவர்களுடைய சட்டதிட்டமே அப்படிக் கூறுகிறது. உறுப்பினர்கள் மனமார ஏற்காத தலைவரால் அங்கு என்ன சாதிக்க முடியும்?

இம்முறையில் எண்ணுவது கடினம் என்பது உண்மையே. அ ஆவையும், ஆ இயையும், இ அவையும் வெல்லும் சுழல்கூட ஏற்படலாம். அப்போது சுழலில் மிக வலுக்குறைந்த வெற்றியை நீக்கிவிடுகின்றனர். எண்ணும் சிரமத்தைக் கணினி ஏற்கும். பெரும்பாலோர் விரும்பாத தலைவரால் வரும் சிரமத்தை யார் ஏற்பது?

வாக்களிப்பது மட்டும் ஜனநாயகம் அன்று. வாக்கை எப்படி எண்ணுகிறோம் என்பதும் ஜனநாயகமே. அடுத்த வகுப்புத் தேர்தலில் இரு முறைகளிலும் எண்ணிப் பாருங்கள். இரண்டிலும் ஒருவரே வென்றால் மகிழ்ச்சி. வேறு வேறு பெயர்கள் வந்தால், உங்கள் தலைவர் யார் என்று நீங்களே விவாதித்து முடிவு செய்யுங்கள்.