காற்றுப் படாத சேறு

செலீனியம் உடம்புக்கு இம்மியளவு தேவை, கூடினால் விஷம். 1817-ல் ஸ்வீடனில் பெர்சீலியஸ் கண்டறிந்து, நிலவின் கிரேக்கப் பெயரை இதற்கு வைத்தார். அணு உலையிலும் செலீனியம்-79 உண்டாகிறது. அது பாதியாகக் குறையவே மூன்று லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பழக்கத்தில் அந்த நாட்டுச் செய்திகளை இன்றும் வாசிக்கிறேன். அங்கே பூர் என்ற கிராமத்தருகே, சுமார் 500 மீட்டர் ஆழத்தில், 16 கோடி ஆண்டுப் பழைய களிமண் படிவத்தில் அணுக்கழிவைப் புதைக்கத் திட்டம். களிமண்ணில் தண்ணீர் மிக மெதுவாகத்தான் நகரும். ஆனால் செலீனியத்துக்கு அது மட்டும் போதாது. பிராணவாயு பட்டால் அது செலினேட்டாகிக் கரையும். செலினேட்டுக்கும் களிமண் துகளுக்கும் ஒரே எதிர்மின்னூட்டம், ஒன்றையொன்று தள்ளும். நீர் போன வழியே அதுவும் போகும். பிராணவாயு இல்லாத இடத்தில், களிமண்ணிலுள்ள இரும்புக் கனிமங்கள் அதைக் கரையாத திடப்பொருளாக்கிப் பிடித்துக்கொள்ளும்.

பழவேற்காட்டில் இதை விளக்கத் தேவையில்லை. ஏரிச் சேறு மேலே பழுப்பு. கொஞ்சம் தோண்டினால் கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். அங்கே காற்று எட்டாது. கறுப்புச் சேற்றை அள்ளிக் கரையில் போட்டால் நிறம் மாறிவிடும். கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் சனங்களுக்கு இது தெரிந்த சங்கதி.

ஆகவே, "ஆழப் புதைத்தால் தீர்ந்தது" என்பது பாதிப் பதில்தான். சுரங்கம் தோண்டும்போதே காற்று உள்ளே போகிறது. அதை எப்படித் திரும்ப அடைப்பது என்பதே மீதிப் பாதி. நம்மவர்கள் கருங்கல் பாறையை ஆராய்கிறார்கள். அதிலும் கழிவுப் பெட்டியைச் சுற்றி அடைக்கக் களிமண் வேண்டும்.

2012-ல் கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் அடிபட்டது. மக்கள் எதிர்த்ததும் கைவிட்டார்கள். 2013 மே மாதம் கூடங்குளம் வழக்கில், நிரந்தர ஆழ்நிலக் கிடங்கை விரைவில் அமைக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. கழிவின் அளவு குறைவு, கண்ணாடியோடு உருக்கிக் கெட்டியாக்கி வைக்கிறோம், அவசரமில்லை என்கிறது அணுசக்தித் துறை. கண்ணாடி நல்ல முறைதான். ஆனால் மூன்று லட்சம் ஆண்டுக்கு யார் காவல் இருப்பது?

பிரான்சில் 1991-லேயே சட்டம் போட்டு, 15 ஆண்டு ஆராய்ச்சிக்கு ஒதுக்கி, பொது விவாதமும் நடத்தினார்கள். அங்கும் எதிர்ப்பு ஓயவில்லை; ஆனாலும் எதிர்ப்பவர் கையிலும் படிக்க ஏதோ இருக்கிறது.

நான் கேட்பதும் அதுதான். நாளைக்கு எந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாலும், தாலுகா அலுவலகச் சுவரில் ஆங்கில அறிவிப்பு ஒன்றை ஒட்டிவிட்டுப் போகக் கூடாது. நோட்டீஸ் ஒட்டுவதும் கிழிவதும் எப்படி என்று குமாஸ்தாவாக இருந்த எனக்குத் தெரியும். என்ன களிமண், எப்படி அடைப்பீர்கள், காற்று புகுந்தால் என்ன ஆகும் என்று அந்த ஊர்ப் பேச்சில் எழுதிக் கொடுங்கள். சேற்றை அறிந்தவர்களுக்கு அது புரியும்.