தொழிற்பிரிவுக்குப் பூட்டு வேண்டாம்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுவாரம், அரசு மேல்நிலைப் பள்ளிகளின் தலைமையாசிரியர் அறை வாசலில் ஒரு வரிசை நிற்கும். மதிப்பெண் பட்டியலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் பிடித்தபடி பெற்றோர், பக்கத்தில் பிள்ளை. நானூறைத் தாண்டியவருக்கு அறிவியல் பாடங்கள் கொண்ட ‘ஃபர்ஸ்ட் குரூப்’. அதற்கு அடுத்தவர்களுக்கு வணிகவியல் உள்ள ‘தேர்ட் குரூப்’. இருநூறை ஒட்டித் தேறிய பையனின் முறை வந்ததும், “இவனுக்கு ஒக்கேஷனல்தாங்க கிடைக்கும்” என்று மேசைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். அம்மா எதுவும் பேசாமல் கையெழுத்துப் போடுவார். மோட்டாரைக் கழற்றி மாட்டுவதில் அவனுக்கு விருப்பம் உண்டா, தையல் இயந்திரத்தைக் கண்டால் கை பரபரக்குமா என்று பையனிடம் யாரும் கேட்பதில்லை. மதிப்பெண் குறைந்ததற்குக் கிடைத்த இடம் என்ற நினைப்போடுதான் ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தொழிற்கல்விப் பிரிவின் வாசலை மிதிக்கிறார்கள்.

இந்தப் பிரிவு இப்படிக் கழித்துவிடப்பட்டவர்களுக்காகத் தொடங்கப்பட்டதல்ல. கோத்தாரி கல்விக் குழு 1966-இல் அளித்த அறிக்கையின் வழியில், தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது, கூடவே தொழிற்பிரிவும் பிறந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த மால்கம் ஆதிசேஷையா தலைமையிலான தேசிய மறுஆய்வுக் குழு அதே ஆண்டில் ‘லேர்னிங் டு டூ’ என்ற அறிக்கையைத் தந்தது. செய்வதைக் கற்பதும் கல்விதான் என்பதை அந்தத் தலைப்பே சொன்னது. யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்த ஒருவர், மேல்நிலை வகுப்பில் கைத்தொழிலுக்கு நடுக்கூடத்தில் இடம் கேட்டார். நாம் அதைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

1986 தேசியக் கல்விக் கொள்கை, 1990-க்குள் மேல்நிலை மாணவர்களில் 10 விழுக்காட்டினரும் 1995-க்குள் 25 விழுக்காட்டினரும் தொழிற்பிரிவில் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. 1992-இல் அந்த ஆண்டுகள் 1995, 2000 என்று தள்ளிவைக்கப்பட்டன. 2020 கொள்கையோ, 2025-க்குள் பாதி மாணவர்களுக்காவது தொழிற்கல்வி அறிமுகமாகிவிட வேண்டும் என்றது. அந்தக் கொள்கையின் பிற கூறுகளோடு தமிழ்நாட்டுக்குள்ள சண்டை வேறு. ஆனால், நாற்பது ஆண்டுகளாக இலக்கை எழுதுவதும் ஆண்டை மாற்றி எழுதுவதுமாகவே காலம் போயிருக்கிறது என்பதை எந்தக் கட்சிக்காரரும் மறுக்க முடியாது.

தமிழ்நாட்டில் நடந்திருப்பது அதைவிட வருத்தமானது. இந்தப் பிரிவை மூடுகிறோம் என்று யாரும் அறிவிக்கவில்லை. தொடக்க காலத்தில் சொற்ப ஊதியத்துக்குப் பகுதிநேரமாகச் சேர்ந்து, பல ஆண்டுகள் போராடிப் பணிவரன்முறை பெற்ற தொழிற்கல்வி ஆசிரியர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். அந்த இடங்கள் நிரப்பப்படவில்லை. ஆசிரியர் இல்லாத பள்ளியில் அடுத்த ஆண்டு சேர்க்கை இல்லை. சேர்க்கை இல்லாததால் பணியிடமே தேவையில்லை என்று கோப்பு முடிகிறது. அடிப்படை இயந்திரவியல், மின்பொறியியல், தானியங்கி ஊர்திப் பொறியியல், நெசவியல், வேளாண் அறிவியல், செவிலியம் என்று புதிய பாடநூல்கள் அச்சாகி வந்தாலும், பல பள்ளிகளில் அவற்றைக் கருவியோடு நடத்த ஆளில்லை. பட்டறை என்று பலகை மாட்டிய அறையில் லேத் இயந்திரத்தின் மேல் பழைய வினாத்தாள் கட்டுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன.

கருவியோடு நடத்துவது என்றால் என்ன? கோவையின் லேத் பட்டறை ஒன்றில் பம்புத் தண்டு ஒன்றைக் கடைவதைப் பாருங்கள். பேரிங் உட்காரும் இடத்தைக் கடைய வேண்டும். மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு கூடினால் பேரிங் ஏறாது. அதே அளவு குறைந்தால் தளர்ந்து சுற்றி, சில மாதத்தில் பம்பு சத்தம் போடும். கடைசிக் கடைசலுக்கு முன் பையன் இயந்திரத்தை நிறுத்துகிறான். தண்டு சூடாக இருக்கும்போது அளந்தால் அளவு ஏமாற்றும் என்று அவனுக்குத் தெரியும், ஆறவிடுகிறான். மைக்ரோமீட்டரை விரலால் முறுக்கி இறுக்காமல், நுனியிலுள்ள ராட்செட்டை ‘டிக் டிக்’ என்று ஒலிக்கும்வரை மட்டும் திருப்புகிறான். வெப்பத்தால் உலோகம் விரிவதை இயற்பியல் பாடத்தில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக எழுதிய மாணவர் பலருக்கு இந்தத் தண்டை ஆறவிடத் தோன்றாது. இவனுக்கு ஏன் ஆறவிடுகிறோம் என்ற விளக்கத்தை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். இருவருக்கும் பாதிப் படிப்புதான் கிடைத்திருக்கிறது. அந்த இரண்டு பாதிகளையும் ஒரே பிள்ளையிடம் சேர்க்கிற வகுப்பறைதான் மேல்நிலைத் தொழிற்பிரிவு. அது நல்ல நிலையில் இருந்தால் ஃபர்ஸ்ட் குரூப்பைவிட எந்த வகையிலும் தாழ்ந்ததல்ல என்பது நம் உறுதியான கருத்து.

இப்படிச் சொல்லும்போது தமிழ்நாட்டில் எழும் அச்சத்தை நாம் மதிக்கிறோம். 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் அரைநாள் பள்ளி, மீதிநேரம் வீட்டுத் தொழில் என்றது. சவரத் தொழிலாளியின் மகன் கத்தியையும், சலவைத் தொழிலாளியின் மகன் வெள்ளாவியையும் தாண்டக் கூடாதா என்று கேட்டு, குலக்கல்வி என்று பெயரிட்டு, தமிழ்நாடு அதை எதிர்த்தது. ராஜாஜி பதவி விலகினார். 1954-இல் காமராசர் அரசு திட்டத்தைக் கைவிட்டது. அந்த எதிர்ப்பு சரி. அதன் பலனாகத்தான் 2021-22 கணக்கின்படி உயர்கல்விச் சேர்க்கையில் 47 விழுக்காட்டை எட்டி, 28 விழுக்காட்டு அளவில் நின்ற நாட்டின் சராசரியை வெகுவாகத் தாண்டியிருந்தோம்.

குலக்கல்வியின் குற்றம் கைத்தொழிலில் இல்லை. பிறப்பைப் பார்த்துத் தொழிலை ஒதுக்கியதும், ஒதுக்கியபின் வெளியேற வழியில்லாமல் அடைத்ததும்தான் குற்றம். இன்று மதிப்பெண்ணைப் பார்த்து ஒதுக்குகிறோம். ஆனால், மதிப்பெண் குறைந்த பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறது, அதன் வீட்டில் படிக்க ஒரு மேசையாவது உண்டா என்று பார்த்தால், பழைய கோடு மீண்டும் தெரிகிறது. தொழிற்பிரிவு மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பிள்ளைகள், முதல் தலைமுறையாகப் படிப்பவர்கள். அந்தப் பிரிவை ஆசிரியரில்லாமல் வாடவிடுவது சமூக நீதியின் பெயரில் நியாயப்படுத்தக்கூடியதல்ல. அந்தப் பிள்ளைகளுக்கு நல்ல ஆசிரியரையும், அடைபடாத வழியையும், தானே தேர்ந்தெடுக்கும் உரிமையையும் தருவதுதான் 1954-இன் வழியில் நடப்பது.

வழி அடைபடுவது எப்படி என்பதற்குச் செவிலியப் பிரிவைப் பார்த்தாலே போதும். இரண்டாண்டு படித்து, அரசு மருத்துவமனையில் ரத்த அழுத்தம் பார்க்கவும் காயத்துக்குக் கட்டுப்போடவும் பழகிய பெண், அந்தச் சான்றிதழைக் கொண்டு செவிலியராகப் பதிவு செய்துகொள்ள முடியாது. மறுபடி முதலாண்டில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் தனியார் மருத்துவமனையில் பயிற்சிபெறாத உதவியாளர் என்ற பெயரில் சொற்பச் சம்பளத்துக்கு நிற்க வேண்டும். பொறியியல் பிரிவுகளில் நிலைமை சற்று மேல்: பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாமாண்டு உண்டு, பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் தனி ஒதுக்கீடும் உண்டு. ஆனால், சேர்க்கை நாளில் அந்த அம்மாவிடம் இதைச் சொல்ல யாரும் இல்லை.

அடுத்தது, வேலையிடத்தில் கற்பது. இந்தச் சொல்லைக் கேட்டாலும் தமிழ்நாட்டில் பலருக்கு நெஞ்சு பதறும், பதற வேண்டும். திருப்பூர், கோவை, ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் பெண்பிள்ளைகளை அப்ரண்டிஸ் என்று பதிந்து, மூன்றாண்டு விடுதியில் பூட்டிவைத்து, முடிவில் மொத்தமாகத் தொகை தருவதாகச் சொல்லி முழுநேர வேலை வாங்கியதை இந்த மாநிலம் கண்டது. முடிவதற்குள் உடம்பு கெட்டு வெளியேறியவர்களுக்கு அந்தத் தொகையும் இல்லை. பயிற்சி என்ற சொல்லுக்குள் மலிவுக்கூலி ஒளிந்துகொள்ளும் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. எனவே பள்ளி மாணவரைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் எந்தத் திட்டமும் சட்டத்தின் கண்காணிப்புக்குள் மட்டுமே நடக்க வேண்டும். பள்ளி ஆசிரியர் வாரம் ஒருமுறையாவது போய்ப் பார்க்காத இடத்துக்குப் பதினாறு வயதுப் பிள்ளையை அனுப்பக் கூடாது. இரவு ஷிஃப்ட் கூடவே கூடாது. உதவித்தொகை மாதாமாதம் அவர்கள் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். கடைசியில் மொத்தமாகத் தருகிறோம் என்ற பேச்சுக்கே இடமளிக்கக் கூடாது.

சட்டம் புதிதாக வேண்டாம், கையிலேயே இருக்கிறது. 1961 தொழில் பழகுநர் சட்டம் 1986-இல் திருத்தப்பட்டு, மேல்நிலைத் தொழிற்பிரிவு முடித்தவர்களையும் உள்ளே கொண்டுவந்தது. ஓராண்டுப் பயிற்சி, உதவித்தொகையில் ஒரு பங்கை மத்திய அரசு திருப்பித் தருகிறது. 2019 விதிகள் இவர்களுக்கு மாதம் 7,000 ரூபாயைக் குறைந்தபட்சமாக வைத்தன. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலைபார்க்கும் எந்த நிறுவனமும் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் உள்ள மாநிலம் இது. ஒரகடம், ஓசூர், கோவை, சிவகாசி என்று ஒவ்வொரு பக்கமும் ஆள் கேட்கிறார்கள். ஆனாலும், தொழிற்பிரிவு மாணவரில் எத்தனை பேர் இந்தச் சட்டத்தின் பெயரையாவது கேட்டிருப்பார்கள்? தென்மண்டலப் பழகுநர் பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில்தான் இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறைக்கும் அதற்கும் நடுவே உள்ள தூரம் சில கிலோமீட்டர்தான்.

வெளிநாட்டைக் காட்டினால் உடனே ஜெர்மனி என்பார்கள். அங்கே 300-க்கும் மேற்பட்ட தொழில்களுக்கு முறையான பயிற்சி உண்டு. வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில், ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியில். தேர்வை நடத்துவது முதலாளி அல்ல, தொழில் வணிகக் கழகம். கற்றுக்கொள்ள வேண்டியது இந்தப் பகுதியை. பத்து வயதில், நாலாம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்து வெவ்வேறு பள்ளிக்கு அனுப்பும் அவர்கள் வழக்கம் நமக்கு வேண்டாம். அதன் வாடை நாம் அறிந்ததுதான். நமக்குப் பொருத்தமான பாடம் சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. அங்கே கட்டாயக் கல்வி முடித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்கல்விக்குப் போகிறார்கள். 1990-களில் அவர்கள் தொழில் பயின்றவருக்கென்று தனியாக ஒரு பள்ளி நிறைவுச் சான்றிதழை உருவாக்கி, பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகங்களின் கதவைத் திறந்தார்கள். மேலே போகும் வழி திறந்திருப்பதால்தான், வசதியான வீட்டுப் பிள்ளையும் லேத் பக்கம் கூச்சமில்லாமல் போகிறான்.

பக்கத்தில் இலங்கையில், 2017-இல் தொடங்கிய 13 ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டம் சாதாரணதரத் தேர்வு முடிவைப் பாராமல் தொழிற்பாடப் பிரிவில் சேர்த்து, தேசிய தொழில் தகைமையின் நாலாம் மட்டத்துக்கு இட்டுச் செல்ல முனைகிறது. அந்தத் தகைமை ஏழு மட்டங்கள் கொண்ட ஏணி. உச்சிப் படி பட்டம். அங்கும் குறைகள் உண்டு. ஆனால் ஏணி என்று ஒன்று வரையப்பட்டிருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இப்போது ஒரு நல்ல வாய்ப்பு. 2017-18-இல் வந்த பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு, 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு போய்விட்டது. அந்த ஓராண்டு மூச்சுவிடக் கிடைத்திருக்கிறது. அதைப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே திணிக்கும் தனியார் பள்ளி வழக்கத்துக்குத் தாரைவார்க்காமல், தொழிற்பிரிவில் ஒரு பருவத்தை வேலையிடக் கற்றலுக்கு ஒதுக்க வேண்டும். டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐ.டி.ஐ.களை அரசு நவீனப்படுத்தியிருக்கிறது. சி.என்.சி. இயந்திரமும் ரோபோக்களும் நிற்கும் அந்தக் கூடங்கள் பிற்பகலிலும் சனிக்கிழமையிலும் பக்கத்து மேல்நிலைப் பள்ளி மாணவருக்குத் திறக்கட்டும். ஒவ்வொரு பள்ளியிலும் புதிதாக ஒரு லேத் வாங்கித் துருப்பிடிக்க விடுவதைவிட அது மேல்.

ஆனால் ஆசிரியர் இல்லாமல் எதுவும் நடக்காது. பட்டயமோ பட்டமோ படித்து, பட்டறையில் சில ஆண்டாவது நின்றவர்களை, மற்ற முதுகலை ஆசிரியருக்கு இணையான ஊதியத்தில் எடுக்க வேண்டும். பகுதிநேரம், தொகுப்பூதியம் என்று மறுபடி தொடங்கினால் 1978-இன் தவறே திரும்ப வரும். அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழிகாட்டுதல், பத்தாம் வகுப்பிலேயே தொழிற்பிரிவையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். அரைநாள் மின்பட்டறை, அரைநாள் நர்சரித் தோட்டம், அரைநாள் மருத்துவமனை என்று எல்லாப் பிள்ளைகளும் பார்த்தபின் தேர்வு செய்யட்டும். நானூற்று ஐம்பது வாங்கிய பெண் மின்பொறியியல் கேட்டால் தலைமையாசிரியர் அவளைத் திருப்பி அனுப்பக் கூடாது. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய், பட்டயம், ஐ.டி.ஐ. படிப்பவர்களுக்கும் உண்டு என்ற செய்தி சேர்க்கை நாளிலேயே வீட்டுக்குப் போய்ச்சேர வேண்டும்.

எந்தெந்தப் பள்ளிகளில் தொழிற்கல்வி ஆசிரியர் இடங்கள் காலியாக உள்ளன, எங்கெல்லாம் பிரிவு மூடப்பட்டது என்ற முழுப் பட்டியலைப் பள்ளிக் கல்வித் துறை வரும் ஜனவரிக்குள் வெளியிட வேண்டும். ஏப்ரலுக்குள் நியமனம் முடிந்து, மே மாதச் சேர்க்கையின்போது அந்த மேசையில் தொழிற்பிரிவு ஆசிரியரும் ஒருவராக உட்கார்ந்திருக்க வேண்டும்.