பசியெடுத்த புழுவும் ஒளிச்சு வெச்ச குதிரையும்

மொத்தமே 224 வார்த்தை. கெமிஸ்ட்ரி ரெக்கார்டுல ஒரே ஒரு எக்ஸ்பெரிமென்ட்டுக்கு 'புரொசீஜர்' எழுதினாலே அந்தக் கணக்கைத் தாண்டிடுவோம். அந்த 224 வார்த்தையை வெச்சுக்கிட்டு எரிக் கார்ல்னு ஒருத்தர் 1969-ல் அமெரிக்காவில் ஒரு புத்தகம் போட்டார். பேரு 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்'. ஐந்து கோடிப் பிரதிகளுக்கு மேல் வித்தாச்சு. அறுபது மொழிகளுக்கு மேல் போயாச்சு. இதுல காமெடி என்னன்னா, அதோட நிஜமான வாசகர்கள் யாருக்குமே படிக்கத் தெரியாது. எல்லாம் ரெண்டு வயசு, மூணு வயசு பார்ட்டிங்க!

'செமஸ்டர் நேரத்துல பாப்பா புத்தகமா?'ன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க பாஸ். விஸ்காம் மக்கள், மெக்கானிக்கல் மக்கள், நாளைக்கு பி.எட். முடிச்சு சாக்பீஸ் பிடிக்கப் போறவங்க... எல்லாருக்கும் இதுல மேட்டர் இருக்கு.

கதை ரொம்ப சிம்பிள். நிலா வெளிச்சத்துல ஒரு இலை மேல குட்டியூண்டு முட்டை. ஞாயித்துக்கிழமை காலையில அதிலிருந்து ஒரு புழு வெளியே வருது. செம பசி! திங்கட்கிழமை ஒரு ஆப்பிள், செவ்வாய் ரெண்டு பேரிக்காய், புதன் மூணு பிளம்ஸ், வியாழன் நாலு ஸ்ட்ராபெர்ரி, வெள்ளி அஞ்சு ஆரஞ்சு. அப்பவும் அடங்கலை. சனிக்கிழமை மட்டும் சாக்லேட் கேக், ஐஸ்க்ரீம், சீஸ், லாலிபாப், தர்பூசணின்னு பத்து ஐட்டத்தை உள்ளே தள்ளுது. ராத்திரி வயித்துவலி. (ஹாஸ்டல்ல மாசம் முழுக்க இருந்துட்டு வீட்டுக்குப் போனவன் கதை மாதிரியே இருக்குல்ல?) மறுநாள் ஒரே ஒரு பச்சை இலை. சரியாயிடுது. அப்புறம் கூடு கட்டிக்கிட்டு ரெண்டு வாரத்துக்கு மேல உள்ளேயே கிடக்குது. கடைசியில ரெண்டு பக்கத்தையும் அடைச்சுக்கிட்டு இறக்கை விரிச்ச பட்டாம்பூச்சி. அவ்வளவுதான், படம் முடிஞ்சுது.

ஆனா சமாச்சாரம் கதையில இல்லை. பக்கத்துல இருக்கு.

திங்கட்கிழமைப் பக்கம் ஒல்லி. ஒரு ஆப்பிள் அகலத்துக்குத்தான் காகிதமே. செவ்வாய் அதைவிடக் கொஞ்சம் அகலம். இப்படியே போய் வெள்ளிக்கிழமை வரும்போது அஞ்சு ஆரஞ்சும் வரிசையா நிக்கிற அளவுக்குப் பக்கம் நீண்டிருக்கும். எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா படிக்கட்டு மாதிரி. போதாக்குறைக்கு ஒவ்வொரு பழத்துலயும் நிஜமாவே ஒரு ஓட்டை. வரைஞ்சது இல்லை, காகிதத்தைத் துளைச்சது. புழு தின்னுட்டுப் போன வழி! குழந்தை என்ன பண்ணும்? விரலை விடும். பக்கத்தைத் திருப்பும், மறுபடி விரலை விடும். ஒண்ணு, ரெண்டு, மூணும் திங்கள், செவ்வாய், புதனும் அந்த ஓட்டை வழியாவே உள்ளே போயிடும். 'இது பாடம்'னு யாரும் சொல்ல வேண்டியதே இல்லை.

ஐடியா எப்படி வந்துச்சு தெரியுமா? ஒரு நாள் பஞ்சிங் மெஷினை வெச்சுக்கிட்டு காகிதக் கட்டுல சும்மா ஓட்டை போட்டுக்கிட்டிருந்தார் கார்ல். போர் அடிச்சா நாமளும் செய்யற அதே உருப்படாத வேலை! ஓட்டையைப் பார்த்ததும் புத்தகத்தைத் துளைக்கிற புழு ஞாபகம் வந்துச்சு. 'வில்லிங்கற புழுவோட ஒரு வாரம்'னு தலைப்பு வெச்சு எடிட்டர்கிட்ட எடுத்துட்டுப் போனார். எடிட்டர் பேரு ஆன் பெனெடூஸ். அவங்களுக்கு ஓட்டை பிடிச்சுது, வில்லி மேல மட்டும் அவ்வளவா மனசு ஒட்டலை. இங்கிலீஷ்ல 'வோர்ம்' வேற, 'கேட்டர்பில்லர்' வேற. நமக்கு ரெண்டுமே புழுதான். 'வோர்ம்' கடைசி வரைக்கும் புழுவாவே இருக்கும். 'கேட்டர்பில்லர்' அப்படி இல்லை, பின்னாடி வேற ஆளாயிடும். 'கேட்டர்பில்லரா வெச்சா என்ன?'ன்னு அவங்க கேட்க, கார்ல் வாயிலிருந்து அடுத்த செகண்ட் வந்தது... 'பட்டாம்பூச்சி!'

ஒரு வார்த்தைதான். அதுல க்ளைமாக்ஸே கிடைச்சுடுச்சு. நல்ல எடிட்டர்னா யாருன்னு கேக்கறவங்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்றது.

அடுத்த தலைவலி அச்சகம். பக்கத்துக்குப் பக்கம் சைஸ் வேற. ஓட்டைங்க வேற. இதையெல்லாம் வெட்டி, துளைச்சு, வரிசை மாறாம பைண்ட் பண்ணணும். அமெரிக்காவில் அந்தச் செலவு கட்டுப்படி ஆகலை. ஆன் பெனெடூஸ் ஜப்பான் போயிருந்தப்போ அங்கே ஒரு அச்சகத்தைப் பிடிச்சாங்க. புழு அமெரிக்காவோடதுதான். பிரசவம் பார்த்தது ஜப்பான்!

அந்தப் படங்களோட கலரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். கார்ல் நேரா பிரஷ் பிடிச்சுப் புழு வரைய மாட்டார். மெல்லிசான டிஷ்யூ காகிதத்துல கோடு, புள்ளி, தீத்தல்னு இஷ்டத்துக்குப் பெயின்ட் அடிச்சு, காய வெச்சு, கலர்வாரியா அடுக்கி வெச்சுக்குவார். புழு வேணும்னா பச்சை டிராயரைத் திறந்து, வெட்டி, ஒட்டறது. அதனாலதான் அவரோட பச்சை ஒரே பச்சையா இருக்காது. உள்ளே மஞ்சள் ஓடும், நீலம் எட்டிப் பார்க்கும்.

இந்தக் கலருங்க எங்கிருந்து வந்துச்சுன்னு தேடிப் போனா, வழி கலரே இல்லாத ஒரு ஊருக்குப் போகுது.

கார்ல் பிறந்தது 1929-ல், நியூயார்க் மாநிலத்துல இருக்கிற சிரக்யூஸ் நகரத்துல. அப்பா அம்மா ஜெர்மனியிலிருந்து வந்தவங்க. அப்பா லீவு நாள்ல பையனைக் கூட்டிக்கிட்டு நடக்கப் போவார். கல்லைப் புரட்டி, மரப்பட்டையைப் பிரிச்சு, அடியில ஊர்ற பூச்சிங்களைக் காட்டுவார். பார்த்து முடிச்சதும் அதுங்களைப் பத்திரமா அதே இடத்துல விட்டுடுவார். ஸ்கூலும் பையனுக்குப் பிடிச்சிருந்துச்சு. பெரிய காகிதம், பெரிய பிரஷ், நிறைய பெயின்ட்.

அம்மாவுக்கு ஊர் ஞாபகம் தாங்கலை. 1935-ல் குடும்பமே ஜெர்மனிக்குத் திரும்பிப் போச்சு. கவனிங்க, ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகுது! ஸ்டுட்கார்ட் நகரத்துல புது ஸ்கூல். சின்ன காகிதம், கூரான பென்சில், 'தப்பு பண்ணாதே'ங்கற மிரட்டல். சேர்ந்த புதுசுலயே உள்ளங்கையில பிரம்படி. ஆறு வயசுப் பையன் ஒரு முடிவு பண்ணினான். பெரியவனானதும் பாலம் கட்டற ஆளாகணும். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு பாலம் கட்டி, பாட்டி கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு நடந்தே திரும்பிப் போயிடணும்.

வீட்டிலிருந்து ஸ்கூலுக்குப் போற அந்தத் தூரம்தான் குழந்தை வாழ்க்கையில ரொம்பக் கஷ்டமான பயணம்னு கார்ல் பின்னாடி பல தடவை சொல்லியிருக்கார். பாதி பொம்மை, பாதி புத்தகம்னு அவர் செஞ்சதெல்லாம் அந்தத் தூரத்துக்காகத்தான். பொம்மை வீட்டோட சேர்ந்தது. புத்தகம் ஸ்கூலோட சேர்ந்தது. நடுவுல விரல் விடற மாதிரி ஒரு ஓட்டை.

1939-ல் யுத்தம். அப்பாவை ராணுவத்துல இழுத்துக்கிட்டாங்க. ஊரே சாம்பலும் மங்கின பச்சையும் பழுப்புமா மாறிடுச்சு. குண்டு போடறவன் கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னு கட்டடங்களுக்கெல்லாம் அந்தக் கலர்லதான் பெயின்ட். அந்த நேரத்துல ஸ்கூல்ல ஒரு டிராயிங் மாஸ்டர் இருந்தார். பேரு கிராவுஸ். பையனுக்குப் பன்னிரண்டு, பதிமூணு வயசு இருக்கும். 'வீட்டுக்கு வா'ன்னு கூப்பிட்டார்.

போனான். மாஸ்டர் ஒளிச்சு வெச்சிருந்த படங்களை எடுத்துப் பரப்பினார். பிக்காசோ, மத்தீஸ், க்ளே, ஃபிரான்ஸ் மார்க்... எல்லாம் பிரதிகள்தான், ஒரிஜினல் இல்லை. அதுல ஒண்ணு நீலக் குதிரை.

இதுல என்ன இருக்குன்னு தோணும். அன்னிக்கு அந்தப் படங்களுக்கெல்லாம் அரசாங்கம் வெச்ச பேரு 'சீரழிந்த கலை'. 1937-ல் மியூனிக்ல அப்படி ஒரு கண்காட்சியே நடத்தினாங்க, ஜனங்க வந்து பார்த்துச் சிரிக்கணும்னு. மார்க் வரைஞ்ச 'நீலக் குதிரைகளின் கோபுரம்' அதுல மாட்டியிருந்துச்சு. மார்க் முதல் உலகப் போர்ல ஜெர்மனிக்காகச் சண்டை போட்டு 1916-ல் வெர்டுன் பக்கத்துல செத்துப்போனவர். 'நாட்டுக்காக உயிரை விட்டவனுக்கா இந்த அவமானம்?'னு பழைய ராணுவ அதிகாரிங்க கொதிச்ச பிறகு அதை மட்டும் கழட்டினாங்க. அந்தப் படம் யுத்தம் முடிஞ்சதிலிருந்து காணோம். இன்னிவரைக்கும் கிடைக்கலை.

இந்தச் சூழ்நிலையிலதான் ஒரு வாத்தியார் பதிமூணு வயசுப் பையன்கிட்ட இதைக் காட்டறார். பையன் வெளியே போய் உளறினா மாஸ்டர் கதை கந்தல். கார்லுக்கு அன்னிக்கு அந்தப் படங்க பிடிச்சுதான்னு கேட்டா, இல்லை. மிரண்டுதான் போனார். இப்படியெல்லாம் அவர் பார்த்ததே கிடையாது. மாஸ்டருக்குப் பைத்தியமோன்னுகூட நினைச்சார். நீ வரையறதுல ஒரு சுதந்திரம் இருக்கு, அது எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா இங்கே பார்த்ததை யாருக்கும் சொல்லாதேன்னு அனுப்பி வெச்சார் அவர். ஒரே ஒரு பொழுது. சிலபஸ்ல கிடையாது, இன்டர்னல் மார்க்கும் கிடையாது.

பதினஞ்சு வயசுல கார்லையும் விடலை. மேற்கு எல்லையில பதுங்குகுழி தோண்ட அனுப்பிட்டாங்க. அப்பா ரஷ்யர்கள்கிட்ட கைதியா மாட்டி, 1947 கடைசியிலதான் திரும்பி வந்தார். எடை நாற்பது கிலோகூட இல்லை. கல்லைப் புரட்டிப் பூச்சி காட்டின அந்த மனுஷன் திரும்பி வரவே இல்லைன்னுதான் சொல்லணும்.

கார்ல் ஸ்டுட்கார்ட்டுல டிசைன் படிச்சு முடிச்சு, 1952-ல் பையில நாற்பது டாலரோட நியூயார்க் வந்து இறங்கினார். பத்திரிகை வேலை, அப்புறம் விளம்பரக் கம்பெனி வேலை. அவர் விளம்பரத்துக்குப் பண்ணின ஒரு சிவப்பு நண்டு... இல்லை, லாப்ஸ்டர், அதாவது சிங்கிறால். அதைப் பார்த்துட்டு பில் மார்ட்டின்ங்கற எழுத்தாளர் தன் கரடிக் கதைக்குப் படம் போடக் கூப்பிட்டார். 1967-ல் அந்தக் கரடி. ரெண்டே வருஷத்துல புழு.

புழுவுக்கு ஒரு சண்டையும் உண்டு. பட்டாம்பூச்சி 'கக்கூன்' கட்டாது, அந்துப்பூச்சிதான் கட்டும், பட்டாம்பூச்சிக்கு 'க்ரிசலிஸ்'னு எழுதியிருக்கணும்னு விஞ்ஞானம் தெரிஞ்சவங்க வரிஞ்சு கட்டிக்கிட்டு வந்தாங்க. (தமிழ்ல இந்தப் பிரச்னையே இல்லை. கூட்டுப்புழுன்னு சொல்லிட்டுப் போயிக்கிட்டே இருப்போம்!) கார்ல் மாத்த மாட்டேன்னுட்டார். அதுக்கு அவர் சொன்ன காரணம், சின்ன வயசுல அப்பா அவரைக் 'கக்கூனை விட்டு வெளியே வாடா'ன்னுதான் கூப்பிடுவாராம். க்ரிசலிஸ்னு கூப்பிட்டதில்லை. எனக்கு அந்தப் பதில் போதும். விஞ்ஞானம் கொஞ்சம் வழிவிடட்டும்.

கார்ல் 2021 மே மாசம், தொண்ணூத்தோரு வயசுல காலமானார். அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி, 2011-ல், எண்பத்திரண்டு வயசுல ஒரு புத்தகம் போட்டார். 'தி ஆர்டிஸ்ட் ஹூ பெயின்டட் எ ப்ளூ ஹார்ஸ்'. ஒரு குழந்தை உட்கார்ந்து படம் வரையுது, அவ்வளவுதான் கதை. முதல்ல நீலக் குதிரை. அப்புறம் சிவப்பு முதலை, மஞ்சள் மாடு, இளஞ்சிவப்பு முயல், பச்சைச் சிங்கம், ஆரஞ்சு யானை, ஊதா நரி, பனிக்கரடி மட்டும் கன்னங்கரேல்னு. கடைசியா ஒரு கழுதை வரும். அதுக்கு உடம்பு முழுக்கக் கலர் கலரா பொட்டு.